ஒரே இடத்தில் இரண்டு சுவர்

ஜெஸ்லின் தன் ஆயுளில் ஒரு செங்கல்லைக்கூடத் தூக்கி வைத்ததில்லை. ஆனாலும் இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு மே மாதத்துக்குள் திருவனந்தபுரத்தில் பதினொரு கட்டடங்களை எழுப்பியிருந்தாள். எல்லாம் சாஸ்தமங்கலத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியேதான். கீழே பல் பிடுங்கும் சத்தம் கேட்கும், மேலே இவள் தூண்களை நட்டுக்கொண்டிருப்பாள்.

வேலை இதுதான். ஆர்க்கிடெக்ட் வரைந்து அனுப்பும் அழகான படத்தை வாங்கி, அழகையெல்லாம் உதறிவிட்டு, தூண், உத்தரம், தளம், சுவர் என்று எலும்பை மட்டும் சாஃப்ட்வேரில் எழுப்ப வேண்டும். பிறகு அதன் தலையில் பாரத்தை ஏற்ற வேண்டும், காற்றடிக்கச் செய்ய வேண்டும், பூமியைக் குலுக்க வேண்டும். எந்த இடத்தில் எத்தனை கனத்தில் கம்பி வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்லும். அதைப் படமாக்கி சைட்டுக்கு அனுப்பினால் அங்கே வெயிலில் நிற்கிறவர்கள் பாடுபட்டுக் கட்டிக்கொள்வார்கள்.

இதில் ஜெஸ்லின் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியது லிஃப்ட் கிணற்றில். லிஃப்ட் ஏறி இறங்குவதற்காக அடியிலிருந்து உச்சி வரை எல்லா மாடியையும் துளைத்துக்கொண்டு போகிறதே, அந்தக் குழிக்குத்தான் கிணறு என்று பெயர். அதைச் சுற்றி கனமான கான்கிரீட் சுவர் எழும்பும். கோர் சுவர் என்பார்கள். காற்று தள்ளினாலும் பூமி ஆடினாலும் கட்டடத்தைப் பிடித்து நிறுத்துவது அந்தச் சுவர்தான். அதைக் கம்ப்யூட்டரில் வரைவது லேசில்லை. முன்பு அதே ஆபீஸில் இருந்த ஒருவர் கிணற்றின் குறுக்கே மாடிக்கு மாடி தளத்தை அப்படியே விட்டுவிட்டார். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிளம்பியிருந்தால் முதல் மாடியிலேயே தலையில் இடித்துக்கொண்டிருக்கும். ஜெஸ்லினுக்கு அந்த மாதிரி அசட்டுத் தப்பெல்லாம் வராது. அவளுக்கு வந்தது வேறு மாதிரித் தப்பு.

குறவன்கோணத்தில் பன்னிரண்டு மாடிக் கட்டடம். அதன் கோர் சுவரை மேல்மாடிகளுக்கு வரைந்து முடித்துவிட்டு, அடியில் உள்ள மூன்று மாடிகளுக்கும் அதையே நகல் எடுத்து ஒட்டிய நேரத்தில் கறண்டு போயிற்று. யூ.பி.எஸ். இரண்டு தடவை கீச்சென்று கத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. கறண்டு திரும்பி வந்து ஃபைலைத் திறக்கும்போது மணி ஐந்து. பாறசாலைக்குப் போகிற பாசஞ்சர் ரயிலை விட்டால் பிறகு பஸ்ஸில் தொங்க வேண்டும். கடைசியாக ஒட்டியது சேமிப்பில் ஏறியிருக்காது என்று அவளாகவே முடிவு செய்து, இன்னொரு தடவை ஒட்டிவிட்டு ஓடினாள். ஏறியிருக்கிறதா என்று அரை நிமிஷம் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. நாமும்தான் எத்தனை தடவை பூட்டை இழுத்துப் பார்க்காமல் போயிருக்கிறோம்.

அது முன்பே ஏறியிருந்தது. ஆகவே கீழ் மூன்று மாடியிலும் ஒரே இடத்தில் இரண்டு சுவர். அளவும் நிறமும் ஒன்றுதான், திரையில் ஒரு சுவராகத்தான் தெரியும். சில சாஃப்ட்வேர் இதைக் கண்டுபிடித்து எச்சரிக்குமாம். ஆபீஸில் இருந்தது பழைய பதிப்பு, வாயைத் திறக்காது. உலகத்தில் ஒரே இடத்தில் இரண்டு சுவர் நிற்க முடியாது என்பது அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்காத விஷயம். அது நியாயமாக பாரத்தை இரண்டு சுவருக்கும் பாதிப் பாதி பிரித்துக் கொடுத்தது. ஒரு சுவருக்கு எவ்வளவு கம்பி என்று கேட்டபோது, பாதிப் பாரத்துக்குத் தேவையானதைச் சொன்னது. ஜெஸ்லின் அதைப் படத்தில் ஏற்றினாள்.

கீழ் மாடிகளின் கம்பி ஒரு ஷீட்டிலும் மேல் மாடிகளின் கம்பி இன்னொரு ஷீட்டிலும் இருந்ததால் ஆபீஸில் யாரும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. முதலாளி தாணுமாலயன் சார் ஒவ்வொரு எண்ணையும் பென்சிலால் தட்டிப் பார்க்கிற மனுஷன். ஆனால் ஷீட்டின் மூலையில் ஜெஸ்லினின் எழுத்தைக் கண்டால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு பேனாவை எடுப்பார். நான்கு வருஷமாகச் சம்பாதித்த நம்பிக்கை அது. அன்றும் பேனாவைத்தான் எடுத்தார்.

பத்து நாள் கழித்து, ஒரு புதன்கிழமை மத்தியானம், ஆபீஸுக்குப் போன் வந்தது.

"அம்மா, நான் குறவன்கோணம் சைட்லேர்ந்து இசக்கி பேசுதேன். கம்பி கெட்டுத ஆளு. ஷீட்டுல இந்த நம்பரு போட்டிருந்துச்சி."

இசக்கி நாங்குநேரிப் பக்கத்துக்காரன். ஒன்பது பேர் கொண்ட கம்பி கட்டும் கூட்டத்துக்குத் தலைவன். அஸ்திவாரக் குழியைப் பார்க்க ஜெஸ்லின் ஒரு தடவை போயிருந்தபோது தமிழில் பேசினாள் என்பதை நினைவில் வைத்திருந்து, பூத்துக்குப் போய்க் காசு போட்டுப் பேசினான்.

"சொல்லுங்க அண்ணாச்சி. என்ன விஷயம்?"

"லிஃப்டு கெணத்துச் சொவருக்குக் கீழ பன்னண்டு எம்.எம். போட்டிருக்கிய. மேல் மாடிக்குக் கம்பி வெட்டலாம்னு அடுத்த ஷீட்ட விரிச்சிப் பாத்தா, அங்க பதினாறு கெடக்கு. மேல போகப் போக கம்பி மெலியும்லா? இதென்ன, மெலிஞ்ச கம்பி தலையில தடிச்ச கம்பி ஏறுது?"

ஜெஸ்லினுக்கு முதலில் வந்தது சிரிப்பு. இரண்டாவதாக வந்ததை அவள் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. கம்பி கட்டுகிறவர்களுக்குக் கூலி எடைக்கு. கம்பி கூடினால் கூலியும் கூடும். அதுதான் ஆசாமி அடிபோடுகிறான் என்று நினைத்தாள்.

"அண்ணாச்சி, இது கம்ப்யூட்டர் போட்ட கணக்காக்கும். சும்மா மனசில தோணினத எழுதினதில்ல. ஷீட்டில உள்ளபடி கெட்டுங்க, போதும்."

"செரிம்மா" என்று போனை வைத்துவிட்டான். அந்தச் 'செரி'யில் சம்மதம் இல்லை என்பது அவளுக்குக் கேட்டது. கேட்டும் அடுத்த வேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு அதே குரல் மறுபடியும் வந்தது. பின்னால் பஸ் ஹாரன்கள் கத்திக்கொண்டிருந்தன.

"கோவிக்காதிய. நாளைக்குக் காலையில அஸ்திவாரத்துக்குக் காங்கிரீட்டு. ஊத்திட்டா இந்தக் கம்பிய அப்புறம் பிடுங்க முடியாது. நான் ஒரு மூலையக் கெட்டாம போட்டு வச்சிருக்கேன். நேத்துலேர்ந்து சூப்பர்வைசரு ஏசிக்கிட்டுதான் இருக்காரு. சாயங்காலத்துக்குள்ள கெட்டலைன்னா வேற கூட்டத்தக் கூப்பிடுவேங்காரு. நீங்க ஒரு தடவ பாத்துட்டு, சரின்னு சொன்னியன்னா கெட்டிருதேன். பாக்காம சொல்லாதிய."

'பாக்காம சொல்லாதிய' என்ற சொல் அவளைச் சுருக்கென்று தைத்தது. இந்த மனுஷன் கம்பி எடைக்காக இப்படி ஏச்சு வாங்குவானா? எடை வேண்டியவன் கட்டி முடித்துவிட்டுக் கூலியை வாங்கிப் போவானே தவிர, கட்டாமல் போட்டு வைக்க மாட்டான். நேற்று நினைத்ததற்காக அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அரை மணிக்கூர் கழிஞ்சு கூப்பிடுங்க அண்ணாச்சி. பாத்து வைக்கியேன்" என்றாள்.

குறவன்கோணம் ஃபைலைத் திறந்தாள். அடிமாடி. கோர் சுவர் சிவப்பு நிறத்தில் ஒழுங்காக நின்றது. அளவு சரி, கதவு விட்ட இடம் சரி, கான்கிரீட்டின் தரம் சரி. பாரத்தைப் பார்த்தாள். கீழே வர வர கூட வேண்டிய பாரம், கீழ் மூன்று மாடியிலும் திடீரென்று பாதியாகக் குறைந்திருந்தது. கட்டடத்தின் பாதிப் பாரம் எங்கே போயிற்று? ஆவியாகிப் போக அது என்ன தண்ணீரா? சுவரைத் தேர்ந்தெடுத்து அழித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. அழித்தாள்.

சுவர் அங்கேயே நின்றது.

மறுபடி அழித்தாள். இப்போதுதான் அந்த இடம் காலியானது. ஜெஸ்லின் நாற்காலியில் சாய்ந்து, ஆண்டவரே என்று வாய்விட்டுச் சொன்னாள். கறண்டு போன அந்தச் சாயங்காலமும், ஓடிப் பிடித்த பாசஞ்சரும் ஒன்றுவிடாமல் நினைவுக்கு வந்தன. பன்னிரண்டு மாடிப் பாரத்தில் சரிபாதியைத் தூக்கிக்கொண்டிருந்தது ஒரு இல்லாத சுவர். அதை நம்பித்தான் நாளைக்குக் காலையில் ஏழு மணிக்குக் கான்கிரீட் லாரிகள் வரிசையில் வந்து நிற்கப்போகின்றன.

அழித்ததில் ஒன்றைத் திரும்ப வைத்து, கூடுதல் சுவரை மட்டும் மூன்று மாடியிலும் நீக்கிவிட்டு கணக்கை மறுபடி ஓடவிட்டாள். பழைய மெஷின், இருபது நிமிஷம் முனகியது. விடை வந்தது. கீழே இருபது எம்.எம். கம்பி வேண்டும். படத்தில் போட்டிருந்தது பன்னிரண்டு.

மேஜையிலிருந்து தாணுமாலயன் சாரின் அறைக்குப் பதினைந்து அடி தூரம். அந்தப் பதினைந்து அடியில் ஜெஸ்லின் நாலு பொய் யோசித்தாள். அவளுடைய நல்ல காலம், நாலுமே மோசமான பொய்கள். போய் நின்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். கறண்டு போனது, பார்க்காமல் ஒட்டியது, இசக்கி நேற்றே சொன்னது, தான் கேட்காதது, எல்லாவற்றையும்.

தாணுமாலயன் சார் பழைய ஷீட்டை எடுத்து அடியில் தன் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு போனை இழுத்து சைட்டுக்கு எண்ணைச் சுழற்றினார். சூப்பர்வைசர் மகேஷ்குமார் எடுத்தான் போலிருக்கிறது. "நாளத்தே காங்கிரீட் வேண்டா" என்று மலையாளத்தில் சொன்னார். மறுமுனையில் ஏதோ பெரிய இரைச்சல். "வேண்டா என்னு பறஞ்ஞால் வேண்டா" என்று இவர் அதைவிடப் பெரிதாக இரைந்து வைத்தார்.

"சாரே, எனக்க தப்பாக்கும்" என்றாள் ஜெஸ்லின்.

"ஒட்டினது நீ. பாக்காம ஒப்பு வச்சது நான். யாருக்க தப்பு பெரிசுன்னு பொறவு உக்காந்து சண்டை போடலாம். இப்பம் போய் ஷீட்ட மாத்து மோளே." அவர் எழுந்து ஜன்னலைத் திறந்தார். மழை வருகிற மாதிரி இருந்தது. "அந்த ஆளு மூலையக் கெட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்னு ஓர்த்துப் பாத்தியா?"

அவள் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். இசக்கியின் போன் வந்தபோது, "நீங்க சொன்னதுதான் சரி, கெட்டாதீங்க" என்று மட்டும்தான் அவளால் சொல்ல முடிந்தது. "அப்பாடி" என்றான் அவன். பிறகு, "சில்லற தீரப் போவுது, வைக்கேன்" என்று வைத்துவிட்டான்.

படத்தை மாற்றினால் ஓரத்தில் உள்ள கட்டத்தில் காரணம் எழுத வேண்டும். என்ன தப்பு நடந்திருந்தாலும் 'பொதுவான திருத்தம்' என்று எழுதுவதுதான் எல்லா ஆபீஸிலும் வழக்கம். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், யார் முகமும் கறுக்காது. ஜெஸ்லின் அந்தக் கட்டத்தில் வேறு மாதிரி எழுதினாள். கோர் சுவர்க் கம்பி மாடலில் ஏற்பட்ட பிழையால் குறைந்துவிட்டது, சைட்டில் கம்பி கட்டும் இசக்கி கண்டு சொன்னதால் திருத்தப்பட்டது என்று, பெரிய எழுத்தில், இங்கிலீஷில்.

கையெழுத்துக்காகக் கொண்டு போனபோது தாணுமாலயன் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டு தடவை படித்தார்.

"இதில ஆளு பேரு எழுதுகது வழக்கமில்லியே."

"ஒரே இடத்தில ரெண்டு சுவர் நிக்கதும் வழக்கமில்ல சாரே."

அவர் பென்சிலை எடுத்தார். ஒவ்வொரு எண்ணாகத் தட்டிப் பார்த்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று, ஜெஸ்லின் நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் அந்தக் கட்டத்தைத் தொடாமல் அடியில் கையெழுத்துப் போட்டார். அந்த மனுஷன்மேல் அவளுக்கு அதுவரை மரியாதைதான் இருந்தது. அன்றைக்குப் பிரியமும் வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் புது ஷீட்டை எடுத்துக்கொண்டு ஜெஸ்லினே ஆட்டோ பிடித்து சைட்டுக்குப் போனாள். குழியின் அடியில் கம்பிக் கூடு விரிந்து கிடந்தது. லிஃப்ட் கிணறு வரவேண்டிய இடத்தில் கம்பிகள் நட்டுக்குத்தலாக நின்றன. மூன்று மூலை இறுக்கமாக, நான்காம் மூலை மட்டும் அவிழ்ந்த தலைமுடி மாதிரி. மகேஷ்குமார் கடுகடுவென்று ஷீட்டை வாங்கி விரித்தான். எதற்காகத் தன் கான்கிரீட்டை நிறுத்தினார்கள் என்று காரணக் கட்டத்தைத்தான் முதலில் தேடினான். இரைந்து படித்தான். 'இசக்கி' என்ற இடம் வந்ததும் குரல் இறங்கிப் போயிற்று.

இசக்கி குழியிலிருந்து ஏறி வந்தான். நாற்பது வயசிருக்கும். கையில் கம்பி முடுக்கும் கொக்கி.

"என் பேர எதுக்கு சார் படிக்கிய? நான் என்ன செஞ்சேன்?" என்றான் பதறிப்போய். பேர் எழுத்தில் ஏறினால் அது போலீஸ் ஸ்டேஷனில்தான் என்று நினைக்கிற வர்க்கம் அவன்.

மகேஷ்குமார் அவனையும் ஷீட்டையும் மாறி மாறிப் பார்த்தான். இரண்டு நாளாக ஏசிய வாய் அவனுடையது. "இசக்கி, ஞான் குறே சீத்த பறஞ்ஞு. ஷமிக்கணம்" என்று, ஏசினதற்கு மன்னிப்புக் கேட்டான். சொல்லிவிட்டு, ஷீட்டை ஜெஸ்லின் கையில் திரும்பக் கொடுத்து, மேற்கொண்டு நிற்க முடியாமல் இருபது எம்.எம். கம்பிக்கு லோடு சொல்லப் போனை எடுத்துக்கொண்டு ஒதுங்கினான். அதையாவது சொன்னானே என்று ஜெஸ்லினுக்கு அவன்மேல்கூட நல்ல எண்ணம் வந்தது.

"அண்ணாச்சி" என்றாள். ஆட்டோவில் வரும்போது அவள் பெரிய பெரிய வாக்கியங்களாகத் தயார் செய்திருந்தாள். ஒன்றும் வாயில் வரவில்லை. "நன்றி அண்ணாச்சி. முந்தாநாளு உங்களப் பத்தி நான் தப்பா நெனச்சேன். கூலிக்காகச் சொல்லுதீங்கன்னு நெனச்சேன். மன்னிச்சிருங்க."

"அது எல்லாரும் நெனைக்கதுதாம்மா" என்று இசக்கி சிரித்தான். "நீங்க ரெண்டாந்தடவ பாத்தியல்லா."

குழியின் ஓரத்தில், தகர ஷெட்டுக்கு முன்னால், ஒரு பெண் அடுப்பில் சுக்குக்காப்பி காய்ச்சிக்கொண்டிருந்தாள். இசக்கியின் மனைவி உலகம்மாள். சட்டி தூக்குகிற வேலை அவளுக்கு. ஒரு தம்ளரில் காப்பியை ஊற்றிக்கொண்டு வந்து ஜெஸ்லினிடம் நீட்டினாள். முந்தானையைப் பிடித்தபடி இரண்டு வயசுப் பெண் குழந்தை ஒன்று கூடவே வந்தது. ஷெட்டுக்குள்ளே ராத்திரி பெய்த மழை தேங்கி நின்றது. பாயும் துணி மூட்டையும் செங்கல் அடுக்கின்மேல் ஏற்றி வைக்கப்பட்டிருந்தன.

"எவ்ளோ நாளாட்டு இதுக்குள்ள இருக்கீங்க அக்கா?"

"வந்து மூணு மாசமாச்சி. கீழ்மாடிக்கு மேல காங்கிரீட்டுத் தட்டு ஒட்டினதும் மத்த கூட்டமெல்லாம் உள்ள குடிபோயிரும். மழைக்கு அதுதான் நல்லது. கட்டடம் முடியிற மட்டும் ஒண்ணரை வருசம் அங்கனதான் பொங்கித் திங்கது, படுக்கது எல்லாம்." உலகம்மாள் புருஷனைப் பார்த்தாள். "இவுக உள்ள விடமாட்டாக. போன ரெண்டு சைட்லயும் கம்பி செரியில்லன்னு சொன்னாக. யாரும் கேக்கல. கடைசி வரைக்கும் மழையோட மழையா ஷெட்டுலதான் கெடந்தோம். மூத்தவனுக்கு நெஞ்சில சளி கெட்டி, அவன ஊருல கொண்டு விட்டாச்சி."

ஜெஸ்லின் தம்ளரைப் பிடித்தபடி நின்றாள். கீழ்மாடிக்கு அவள் கார் நிற்கிற பாரம் போட்டிருந்தாள். சதுர மீட்டருக்கு இத்தனை கிலோ என்று கணக்காக. முதல் கார் வருவதற்கு ஒன்றரை வருஷம் முன்பே அங்கே அடுப்பு எரியும், பிள்ளைகள் தூங்கும் என்பது பதினொரு கட்டடம் எழுப்பியும் அவளுக்குத் தெரியாது. இந்த மனுஷன் சில்லறை மாற்றிக்கொண்டு பூத்துக்கு ஓடினது அவளைக் காப்பாற்ற இல்லை. ஆனாலும் அவளையும் சேர்த்துத்தான் காப்பாற்றியிருக்கிறான். அப்படி ஒருவன் அந்த நம்பரைத் தேடிப் பிடித்ததற்காக, மறுநாளும் வெட்கம் பார்க்காமல் கூப்பிட்டதற்காக, அவளுக்கு அப்படியே அந்த ஈர மண்ணில் முழங்கால் போட்டுவிடலாம் போல இருந்தது.

உலகம்மாள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கொஞ்சம் தயங்கினாள். இசக்கியிடம் கேட்காமல், நேரே ஜெஸ்லினைப் பார்த்துக் கேட்டாள்.

"மேடம், இந்தக் கட்டடத்துல நாங்க உள்ள படுக்கலாம்லா?"

இசக்கியும் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். ஜெஸ்லின் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஷீட்டை விரித்து, கீழ்மாடி, கோர் சுவர், கம்பியின் கனம் என்று ஒவ்வொன்றாக விரல் வைத்து மறுபடியும் பார்த்தாள். முழுக்கப் பார்த்து முடித்த பிறகுதான் தலை நிமிர்ந்தாள்.

"படுக்கலாம் அக்கா" என்றாள். "மூத்தவனையும் கூட்டிட்டு வந்திருங்க."